ஆறு நாள் பிந்திய திதி

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை மாவைப் பிசைந்ததே தவிரப் பேனையைப் பிடித்தது குறைவு. எந்த இடத்தில் எந்த ல வரும் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. எழுத்தில் பிழை கண்டால் வாசிக்கிறவர்களே திருத்திக்கொள்ளுங்கள். விசயத்தில் பிழை வரக் கூடாது என்று நான்கு தரம் கிழித்துப்போட்டு எழுதுகிறேன். ஏனென்றால் அதை ஏற்கனவே ஒரு தரம் பிழையாகச் சொல்லிவிட்டேன்.

நான் ஒஸ்லோவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. அங்கே சிவமலர் என்று ஒரு பெண் இருக்கிறார். அவருடைய தம்பி தாசன் என்னோடு ஒரே அறையில் ஏழு வருடம் இருந்தவன். அவனுடைய ஐந்தாவது வருடத் திவசத்துக்கு என்னை வரச் சொல்லிக் கேட்டிருந்தார். அந்தத் திவசம் பிழையான நாளில் நடக்கிறது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். அதைச் சொல்லத்தான் போனேன்.

நான் இருப்பது கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் முழுத் தீவையும் சுற்றி வரலாம். கனடா என்று சொல்லி எங்களை ஏற்றிய ஏஜென்சிக்காரன் அங்கே இறக்கிவிட்டுக் காணாமல் போனான். பதினொரு பேர் இறங்கினோம். மற்றவர்கள் ஒவ்வொருவராக எப்படியோ கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் தாசனும் மிஞ்சினோம். ஊரில் நான் பேக்கரியில் வேலை செய்தவன் என்பதால் அங்கேயும் ஒரு கிழவியின் பேக்கரியில் இடம் கிடைத்தது. தாசனுக்கு நான் வேலை பழக்கினேன்.

அந்தத் தீவில் வருடம் இரண்டாகத்தான் பிரியும். புயல் வருகிற ஆறு மாதம், வராத ஆறு மாதம். ஆனியில் தொடங்கிக் கார்த்திகை வரை எல்லோருடைய ஒரு காதும் றேடியோவில் இருக்கும். அறிவிப்பாளர் பகிடி விடும்வரை பயமில்லை. அவர் மெதுவாகப் பேசத் தொடங்கினால் ஆட்கள் பலகையும் ஆணியும் எடுப்பார்கள், குளிக்கிற தொட்டி முதற்கொண்டு எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்புவார்கள், பிறகு பாண் வாங்க எங்கள் பேக்கரிக்கு வருவார்கள். புயல் வருகிறது என்றால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அங்கே புயலுக்கு ஆள் பெயர் வைப்பார்கள். தாசனைக் கொண்டுபோன புயலின் பெயரை எழுத எனக்கு மனமில்லை.

அந்தப் புயல் அடித்தது ஒரு புரட்டாதி அமாவாசை. தாசன் அன்றைக்குச் சாகவில்லை. அது கழிந்து ஆறாம் நாள் செத்தான். தொலைபேசி திரும்ப வேலை செய்தவுடன் சிவமலருக்கு எடுத்தேன். "எப்ப அண்ணை?" என்று கேட்டார். "புயலிலை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அதற்குரிய இடத்தில் எழுதுகிறேன்.

ஒஸ்லோ விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒருவர் நேரே என்னை நோக்கி வந்தார். கையிலிருந்த பையை விட்டுவிட்டேன். அவர் சிவமலரின் கணவர் தேவராசா. பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து உடுப்பு மாற்றாமல் வந்திருக்கிறார்.

"என்ன அண்ணை, பொலிஸ் எண்டு நினைச்சிட்டியளோ? எனக்கு என்ரை வீட்டிலையே அதிகாரமில்லை" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார்.

வீடு நகர ஓரத்தில் அம்மருட் என்ற இடத்தில், ஏழாம் மாடி. கதவைத் திறந்த சிவமலர் என் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தார். பாண் சுடுகிற போறணையில் சுட்ட தழும்புகள் இருக்கும். "அவன்ரை கையும் இப்பிடியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் தாசனை விட எட்டு வயது மூப்பு. தாய் வேளைக்கே போய்விட்டதால் அவனைத் தூக்கி வளர்த்தவர்.

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். சாப்பிட்டு முடியுமட்டும் எதிரே இருந்தார். பிறகு கேட்டார்.

"அவன் ஒண்டும் அறிஞ்சிருக்க மாட்டான், என்ன அண்ணை? ஒரு நிமிசத்திலை போயிருப்பான்."

நான் தலையை ஆட்டினேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆட்டிய தலையை எப்படித் திருப்பி எடுப்பது?

படுக்கத் தந்த அறையில் ஜன்னலைத் தடவிப் பார்த்தேன். மூன்று கண்ணாடி, ஒன்றன் பின் ஒன்றாக. வெளியே பலகை மாட்டக் கொளுக்கி இல்லை, ஆணி அடிக்க இடமும் இல்லை. இவர்கள் குளிரை மட்டும் எதிரியாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அவர்கள் நாட்டுப் பாணை வெட்டித் தந்தார்கள். கறுப்பு, பாரம், உள்ளே விதைகள். எங்கள் தீவுப் பாணை அமத்தினால் பஞ்சு மாதிரிப் போகும். இது என்னைத் திருப்பி அமத்தியது. மேலே மண்ணிறத்தில் ஒரு சீஸ் வைத்துத் தந்தாள் கீர்த்தனா. சிவமலரின் மகள், பதினேழு வயது, அங்கேயே பிறந்தவள். சீஸ் என்று கடித்தால் ரொபி மாதிரி இனிக்கிறது.

"பிடிக்கேல்லையோ மாமா?"

"பிடிக்குது பிள்ளை."

"பொய். உங்கடை முகத்திலை தெரியுது." பொய் முகத்தில் தெரியும் என்று அவள் சொன்னதை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் என்னை நகரத்துக்குக் கூட்டிப்போனாள். நிலக்கீழ் ரயிலில் எதிரே நனைந்த நாயோடு இருந்த ஒரு கிழவர் என்னிடம் ஏதோ சொன்னார். "இந்த முறை கோடை வராமலே போயிட்டுதாம்" என்று கீர்த்தனா தமிழில் சொன்னாள். கோடையோடு புயலும் வருகிற எங்களுக்கு அது வராமல் விட்டால் எவ்வளவு நல்லது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் சீருடையோடு இரண்டு பேர் ஏறினார்கள்.

எனக்கு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. அடுத்த நிலையத்தில் கதவு திறந்தவுடன் இறங்கிவிட்டேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குள்ளே கீர்த்தனா வாயைத் திறந்தபடி போகிறாள். நிலக்கீழ் ரயில் என்றாலும் அந்த இடத்தில் அது வெளியேதான் ஓடுகிறது; நான் மழைத் தூறலில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். கால் மணித்தியாலத்துக்குப் பிறகு எதிர்ப்பக்க ரயிலில் வந்து இறங்கினாள்.

"மாமா, டிக்கெட் உங்கடை பொக்கெற்றிலை இருக்கு! அது சும்மா கொன்ட்ரோல். டிக்கெட்டைக் காட்டினால் தாங்க்யூ எண்டு சொல்லிட்டுப் போவினம். ஏன் ஓடினனீங்கள்?"

"பழக்கம் பிள்ளை. கன காலம் விசாக் கடுதாசி இல்லாமல் இருந்தனாங்கள். எனக்கு இப்பதான் கிடைச்சது."

"தாசன் மாமாவும் இப்பிடி ஓடுவாரோ?"

"இல்லை. அவன் சிரிச்சுக்கொண்டு நிப்பான். நான்தான் ஓடுறனான்."

 ஒரு கடையில் சொக்கலேற் போட்ட சூடான பால் வாங்கித் தந்தாள். திரும்பி வரும்போது முழு வழியும் என் கையைப் பிடித்திருந்தாள், சின்னப் பிள்ளையைக் கூட்டிவருவதுபோல.

மூன்றாம் நாள் அமாவாசை. ஐயர் வந்தார். தர்ப்பை கட்டி, தாசனின் பெயர், நட்சத்திரம், திதி எல்லாம் சொல்லித் தேவராசா செய்தார். புரட்டாதி அமாவாசை, புரட்டாதி அமாவாசை என்று ஐயர் சொல்லும்போதெல்லாம் நான் குனிந்து நிலத்தைப் பார்த்தேன். அந்தத் திதியைக் கொடுத்தவன் நான்.

வாழையிலை ஒன்று மட்டும் தமிழ்க் கடையில் கிடைத்திருந்தது. ஓரம் கறுத்துப்போன இலை. எங்கள் தீவில் புயலுக்கு முதலில் விழுவது வாழை. அந்த வருடம் முழுத்தீவிலும் ஒரு நல்ல இலை மிஞ்சவில்லை. தாசனைப் புதைத்த அன்று படைக்க இலை தேடி அலைந்து, கடைசியில் பாண் சுற்றுகிற தாளில் சோறு வைத்தேன். அதையும் யாருக்கும் சொல்லவில்லை.

காகத்துக்கு வைக்கப் பல்கனிக்குப் போனோம். அந்தக் கட்டிடத்தில் பறவைகளுக்குச் சாப்பாடு வைக்கக் கூடாது என்று சட்டமாம். வைத்தால் கட்டிடச் சங்கத்திலிருந்து கடிதம் வரும்.

"கெதியா வைச்சு எடு மலர், கீழ் வீட்டு மனிசி பார்த்தால் பிறகு நான்தான் போய் நிக்கவேணும்" என்றார் தேவராசா.

"உங்கடை மச்சானுக்கு வருசத்திலை ஒருக்கால். வரட்டும் கடிதம்."

அந்த ஊர்க் காகத்துக்குத் தலையும் செட்டையும்தான் கறுப்பு. உடம்பு சாம்பல், வேறு சட்டை போட்ட மாதிரி. வைத்த கை எடுக்க முதல் ஒன்று வந்து இருந்தது. வடையைத் தூக்கியது, சோற்றைக் கொத்தியது, போகாமல் நின்று முழுவதையும் சாப்பிட்டது. சிவமலர் கண்ணீரோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பார்த்தியளோ அண்ணை? ஒரு வருசமும் என்னைக் காக்க வைக்க மாட்டான்."

அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வது? எனக்குப் போட்ட சோற்றில் மூன்று பிடிகூட இறங்கவில்லை. பயணக் களை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாட்கள் ஓடின. தேவராசா தன்னுடைய பஸ்ஸில் முன் இருக்கையில் என்னை ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை காட்டினார். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அலை இல்லாத கடலைப் பார்க்க எனக்கு ஏனோ பயமாக இருந்தது. மரங்கள் தாங்களாகவே இலையை உதிர்த்துக்கொண்டிருந்தன. எங்கள் தீவில் மரத்தில் இலை இல்லையென்றால் புயல் உரித்துவிட்டது என்று அர்த்தம். இங்கே ஒருவரும் அழாமல் அதன் கீழே நடந்து போகிறார்கள்.

தமிழ்க் கடையில் ஒரு பொடியன் அரிசி தூக்கிக்கொண்டு நின்றான். சென்னைப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. "சார் நீங்க எந்த ஊரு?" என்றான். சொன்னேன். "கரீபியனா! சூப்பர் சார். பீச், வெயில், ஃபுல் ஹாலிடே லைஃப்!" நான் சிரித்தேன். கடைக்காரர் அவனைப் பார்த்து, "தம்பி, அவர் அங்கை பாண் போடுறவர், குளிக்கப் போனவரில்லை" என்றார்.

ஒவ்வொரு நாளும் காலையில் இன்றைக்குச் சொல்வேன் என்று எழும்புவேன். சிவமலர் தேத்தண்ணீரோடு வந்து, "நீங்கள் வந்தது அவனே வந்த மாதிரிக் கிடக்கு" என்பார். நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு இருப்பேன்.

ஒன்பதாம் நாள். மறுநாள் எனக்குத் திரும்பப் பயணம். அன்று வளர்பிறைச் சட்டி, அமாவாசை கழிந்து ஆறாம் நாள், தாசனின் உண்மையான திதி. வீட்டில் நான் மட்டும். தொலைக்காட்சியில் நாட்டுப் படத்தைப் போட்டு, அதன் மேல் வளைந்த கோடுகளும் அம்புக்குறிகளும் காட்டினார்கள். மொழி தெரியாவிட்டாலும் அந்தக் கோடுகளைத் தெரியும். பேசிய பெண் மெதுவாகப் பேசினாள். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

நான் யோசிக்கவில்லை. பல்கனியில் இருந்த கதிரைகளை உள்ளே எடுத்தேன். பூச்சாடிகளை எடுத்தேன். குளியல் தொட்டியை அடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பானை, சட்டி, வாளி, கேத்தில், கீர்த்தனாவின் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் நிரப்பினேன். சிவமலரும் மகளும் வந்து கதவைத் திறந்தபோது குசினி நிலம் முழுவதும் தண்ணீர்ப் பாத்திரம்.

கீர்த்தனா விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, இது சும்மா காத்து! நாளைக்கு பஸ் லேட்டா வரும், அவ்வளவுதான்."

சிவமலர் சிரிக்கவில்லை. ஒரு பானைக்குப் பக்கத்தில் குந்தி இருந்து தண்ணீரைப் பார்த்தார். "அண்டைக்கும் இப்பிடித்தான் நிரப்பினனீங்களோ அண்ணை?"

"ஓம் தங்கச்சி. புயலுக்குப் பிறகு கிழமைக்கணக்கிலை தண்ணி வராது. தாசன் இதைத்தான் குடிச்சுக்கொண்டு கிடந்தவன்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

"புயலுக்குப் பிறகோ?" என்றார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அந்தத் தண்ணீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே நிலத்தில் இருந்து சொன்னேன். சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

புயல் அடித்த அமாவாசை. மத்தியானம் காற்று சட்டென்று நின்றது. புயலின் நடுப்பகுதி எங்கள் மேல் வந்தால் அப்படித்தான், அரை மணித்தியாலம் ஒரு இலைகூட ஆடாது. பிறகு மற்றப் பக்கத்தால் அடிக்கும். எங்கள் இருவருக்கும் அது தெரியும். பேக்கரிக் கூரையில் ஒரு தகரம் போயிருந்தது. "நடாண்ணை, மா நனைஞ்சிடும்" என்று என்னிடம் கத்திவிட்டுத் தாசன் ஓடினான். மூன்று மூட்டையை இழுத்து மூடிவிட்டான். நாலாவதுக்குள் காற்றுத் திரும்பிவிட்டது. பறந்து வந்த தகரம் கெண்டைக்காலைக் கிழித்தது.

அது கழிந்து முதல் நாளும் இரண்டாம் நாளும். உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் அப்பி, மாச்சாக்குத் துணியால் கட்டினேன். எங்கள் ஆட்களுக்கு மஞ்சள் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அவன் என் கட்டைப் பார்த்துச் சிரித்தான்.

மூன்றாம் நாள் காய்ச்சல். பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். வாசலில் துவக்கோடு இரண்டு படைவீரர் நின்றார்கள். எங்களிடம் ஒரு கடுதாசியும் இல்லை. திரும்பி வந்தேன். நாலாம் நாள் கால் கறுத்தது. காலையில் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் அந்த வாசல்வரை போய்த் திரும்பினேன்.

ஐந்தாம் நாள் பாண் வண்டியில் அவனை வளர்த்தித் தள்ளிக்கொண்டு போனேன். துவக்கோடு நின்றவன் ஓடி வந்தான். துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு வண்டியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தான். தாதி கேட்டது அவனுடைய பெயரை மட்டும். ஒருவரும் ஒரு கடுதாசியும் கேட்கவில்லை. பிந்திக் கொண்டுவந்துவிட்டாய் என்று மட்டும் சொன்னாள்.

ஆறாம் நாள் பின்னேரம் போய்விட்டான். வெளியே வந்தேன். தீவு முழுவதும் விளக்கில்லாததால் பிறை நன்றாகத் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். ஆறாம் பிறை.

நான் சொல்லி முடித்தபோது தேவராசாவும் வேலை முடிந்து வந்து கதவடியில் நின்றார். சிவமலர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏன் அண்ணை வாசல்வரை போய்த் திரும்பினனீங்கள்?"

"பயம்."

"ஆரை நினைச்சு?"

தாசனை என்று சொல்லியிருக்கலாம். "என்னை நினைச்சுத்தான்" என்றேன். "அவனைப் பிடிச்சால் என்னையும் பிடிப்பாங்கள் எண்டு. அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் புயலிலை எண்டு சொன்னனான்."

"மலர், அந்த நேரம் ஆர் எண்டாலும்..." என்று தேவராசா தொடங்கினார்.

"நீங்கள் கதைக்காதேங்கோ. அஞ்சு வருசமா அவன் உயிரோடை கிடந்த நாளிலை நான் அவனுக்குப் பிண்டம் வைப்பிச்சிருக்கிறன். தண்ணி தண்ணி எண்டு கிடந்த நாளிலை." பிறகு எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கீர்த்தனா பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஊற்றத் தொடங்கினாள். நானும் உதவி செய்தேன். தொட்டியின் அடைப்பை எடுத்தபோது தண்ணீர் போகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

ஒரு மணித்தியாலம் கழித்து சிவமலர் வெளியே வந்தார். குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரில் விரலை வைத்துப் பார்த்தார். "சட்டி. இண்டைக்கு" என்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

"கடைசியா ஏதும் கேட்டவனோ?"

"ஐஸ் கேட்டவன். வாய்க்குள்ளை வைக்க ஒரு துண்டு ஐஸ்."

"குடுத்தனீங்களோ?"

"தீவிலை எங்கையும் கரண்ட் இல்லை, தங்கச்சி. எல்லா இடமும் கேட்டனான்."

அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஐஸ் தட்டை எடுத்து, முறுக்கி, கட்டிகளை ஒரு வெள்ளித் தம்ளரில் போட்டார். தம்ளர் நிரம்பிய பிறகும் போட்டார். காற்று அடித்துக்கொண்டிருந்த பல்கனிக்குக் கொண்டுபோய், சுவர் மூலையில் விழாத மாதிரி வைத்தார்.

"அம்மா, காகம் ஐஸ் சாப்பிடுமோ?" என்று கீர்த்தனா மெல்லக் கேட்டாள்.

"காகத்துக்கில்லை" என்றார்.

அன்று என்னோடு பேசவில்லை. ஆனால் எனக்கும் சாப்பாட்டுக் கோப்பை வைத்துச் சோறு போட்டார்.

காலையில் காற்று நின்றுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும்போது பல்கனியை எட்டிப் பார்த்தேன். அந்தக் குளிருக்கு ஐஸ் ஓரத்தில் மட்டும்தான் கரைந்திருந்தது. சிவமலர் பின்னால் வந்து நின்றார்.

"அந்த ஆறு நாளையும் எழுதி அனுப்புங்கோ. ஒரு நாளையும் விடாதேங்கோ."

"எனக்கு எழுத வராது, தங்கச்சி."

"வராட்டிலும் எழுதுங்கோ. நான் அங்கை இருக்கேல்லை."

ஒரு வருடம் போய்விட்டது. இந்த வருடம் இதுவரை எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை, றேடியோக்காரர் இன்னும் பகிடி விட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இன்றைக்குப் பேக்கரியை மத்தியானத்தோடு பூட்டிவிட்டு, மேசையில் ஒரு கிளாஸ் ஐஸை வைத்துக்கொண்டு எழுத இருந்தேன். ஆறு நாளை மட்டும் தனியாக எழுத வரவில்லை. அதனால் ஒஸ்லோவில் இருந்த பத்து நாளையும் சேர்த்து எழுதிவிட்டேன். இங்கே ஐஸ் ஒரு பக்கம் எழுதும்வரைகூட நிற்காது. மூன்று தரம் மாற்றி வைத்தேன்.

2009, புரட்டாதி மாதம், வளர்பிறைச் சட்டி.